பசி நேரத்து நட்சத்திரம்

நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள், வானத்திலிருந்து வந்த சில துகள்கள் உங்கள் மண்டைக்குள் புகுந்து, நாற்காலியைத் துளைத்து, தரைக்குள் போயே போயிருக்கும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்காது. அவற்றுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவற்றைப் பிடிப்பதற்கென்றே கட்டிய ஓர் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து, தலைமுடி இருந்த காலத்திலிருந்து இல்லாத காலம்வரை, தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டேன். காஸ்மிக் கதிர்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி என் அக்கா. இன்னொருவர் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா. அவர்தான் ஆய்வகத்தின் தலைவர். மூன்றாவது இடம் எனக்கு. இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆய்வகம் இருந்த இடம் ஒரு பெரிய வெட்டவெளி. மரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு கட்டடம். அதில் கணினி அறை, சமையலறை, சாப்பாட்டுக் கூடம். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தொட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு இருக்கும். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. தண்ணீர் அவ்வளவு சுத்தம். குடித்தால் தாகம் எடுக்கும்.

எங்கோ வெகு தூரத்தில் எதுவோ ஒன்று அணுவின் துண்டு ஒன்றைப் பிடித்து வீசுகிறது. அது பல லட்சம் வருடம் பயணம் செய்து, நம் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதி உடைந்து, கோடித் துண்டுகளாக மழைபோல் இறங்குகிறது. அந்தத் துண்டுகள் தொட்டித் தண்ணீரைக் கடக்கும்போது மங்கலாக ஒரு நீல ஒளி எழும். தொட்டிக்குள் தொங்கும் கண்ணாடிக் குமிழ் அதைப் பார்த்துக் கணினிக்குச் சொல்லும். எந்தத் தொட்டி முதலில் மின்னியது, எது அடுத்தது என்று நொடியில் கோடியில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடக் கணக்குப் போட்டால், மழை எந்தச் சாய்வில் விழுந்தது என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் அந்தத் திசையில் பார்த்து, யார் வீசினார்கள் என்று கண்டுபிடித்துவிடலாமே என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். அந்தத் துண்டுகளுக்கு மின்னூட்டம் உண்டு. வானமெங்கும் காந்தப்புலம் உண்டு. வரும் வழியெல்லாம் அது இவற்றை இப்படியும் அப்படியும் வளைத்துவிடும். குடித்துவிட்டு நூறு தெரு சுற்றி நம் வாசலில் விழுந்து கிடப்பவன் எந்தப் பக்கம் தலைவைத்திருக்கிறான் என்று பார்த்து, அவன் வீட்டு முகவரியைச் சொல்ல முடியுமா? முடியாது. மிக மிகப் பலசாலியான துகள்கள் மட்டும் காந்தத்துக்கு அதிகம் வளைந்து கொடுக்காமல் ஏறக்குறைய நேராக வரும். ஒரே ஒரு துகள், கண்ணுக்குத் தெரியாத துகள், வேகமாக அடித்த டென்னிஸ் பந்தின் பலத்தோடு வரும். ஆனால் ஒரு சதுர கிலோமீட்டரில் அப்படி ஒன்று விழுவதைப் பார்க்க நூறு வருடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் எங்களுக்கு அவ்வளவு பெரிய வெட்டவெளி.

மாமாவின் கட்சி, இவை நம் பால்வீதியிலேயே வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிடமிருந்து வருகின்றன என்பது. அக்காவின் கட்சி, பலசாலிகள் எல்லாம் வேறு பால்வீதிகளின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ராட்சசக் கருந்துளைகளின் வேலை என்பது. இருவர் சொல்வதும் ஆளுக்குப் பாதி சரியாக இருக்கலாம் என்று வெளியூர் அறிஞர்கள் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் அப்படி ஒரு வழி கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கல்யாணப் புகைப்படத்திலேயே இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அது சிரிப்பு இல்லை. வாதம்.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். பூமி ஒரு சுற்றுச் சுற்றினால் அதே நட்சத்திரம் அதே இடத்துக்கு வந்துவிடும். சூரியன் வந்து சேர மட்டும் இன்னும் நான்கு நிமிடம் ஆகும். ஆகவே நட்சத்திரங்களின் கணக்கில் நாள் நான்கு நிமிடம் குட்டை. வானத்தைப் பார்க்கும் எந்த இடத்திலும் இந்தக் கணக்கில் ஓடும் நட்சத்திரக் கடிகாரம் ஒன்று சுவரில் தொங்கும். அதைப் பார்த்து மதியச் சாப்பாடு போட்ட இடம் உலகத்திலேயே எங்கள் ஆய்வகம் ஒன்றுதான்.

எல்லாம் மாமாவின் உத்தரவு. "சூரியனும் ஒரு சாதாரண நட்சத்திரம்தான், மச்சான். அது என்ன பெரிய மாமியாரா, அது சொல்ற நேரத்துக்கு நாம சாப்பிட?" என்பார்.

அதனால் சாப்பாடு தினமும் நான்கு நிமிடம் முன்னால் நகரும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம். ஆறு மாதத்தில் மதியச் சாப்பாடு நடு இரவுக்குப் போய்விடும். அதோடு தூக்கமும் நகரும், குளியலும் நகரும். தொட்டி கழுவும் ஆட்களின் வீடுகளில் சொந்தப் பிள்ளைகளே அப்பாவை விருந்தாளி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். என் மனைவி, "இன்னிக்கு உங்களுக்குக் காலையா, சாயங்காலமா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னைத் திட்டவே ஆரம்பிப்பாள். இதில் ஒரே லாபம், வருடத்துக்கு மற்றவர்களைவிட ஒரு மதியச் சாப்பாடு எங்களுக்குக் கூடுதல். மாமா அதைப் புது ஆட்களிடம் சம்பளச் சலுகைபோல எடுத்துச் சொல்வார்.

எங்கள் சமையற்காரரின் பெயர் தண்டவாளம். மதியச் சாப்பாடு தயாரானதும், தொட்டிகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் எங்களைக் கூப்பிட, சமையலறை வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பார். மேகம் கலையும். அப்படி அடித்து அடித்து ஒரு நாள் அவருடைய தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை. மாமா மனம் இரங்கினார். ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் ஒரு மின்சார மணி பொருத்தி, எல்லாவற்றையும் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சுவிட்சோடு இணைத்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை; கம்பியெல்லாம் அவரே இழுத்தார். புதிதாகப் பள்ளம் தோண்டுவது முட்டாள்தனம் என்று, தொட்டிகளிலிருந்து கணினிக்கு வரும் கம்பிகள் கிடந்த பள்ளத்திலேயே மணிக் கம்பியையும் போட்டு மூடினார். முதல் மணி அடித்தபோது கடலில் கப்பல் இறக்கியவர்போல நின்றார்.

அதே சமயத்தில்தான் கெட்ட செய்தியும் வந்தது. தலைமையகத்திலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. இத்தனை வருடத்தில் இவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை, இடத்தை மூடிவிடலாமா என்று பார்க்க வருகிறார்கள். எங்கள் வாயில் அது மூடுகுழு ஆகிவிட்டது.

மற்றவர்களுக்கு வேறு வேலை கிடைக்கும். மாமாவுக்கு ஓய்வூதியம் கிடைக்கும். அக்காவுக்குத்தான் அடி. அவளுடைய மேசைக்கு மேலே பெரிய வான வரைபடம் ஒன்று ஒட்டியிருக்கும். பலசாலித் துகள் ஒன்று விழுந்தால், அது வந்த திசையில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். வருடக்கணக்காகச் சேர்த்தும் புள்ளிகள் கொஞ்சம்தான்.

"இன்னும் பத்து வருஷம் கிடைச்சா போதும்டா," என்றாள் என்னிடம். "இந்தப் புள்ளிங்க ஒரு இடத்துல கூடுதா, சும்மா சிதறுதான்னு தெரிஞ்சிடும். எங்கேருந்து வருதுங்கற கேள்விக்கு அதுதான் வழி. இப்ப மூடினா, இது அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

"அக்கா, பத்து வருஷம் கேட்டா தருவாங்களா?"

"எதைக் காட்டிக் கேக்கறது? அம்மை மூஞ்சியையா?"

அந்த நிலைமையில்தான் மாமாவின் புள்ளி பிறந்தது.

ஒரு நாள் பல தொட்டிகள் ஒரே சமயத்தில், ஒரே சாய்வைக் காட்டி மின்னின. மறுநாளும் அதேபோல், வானத்தின் அதே இடத்திலிருந்து. அடுத்த நாளும். மாமா வரைபடத்தில் பார்த்தார். அந்த இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வெடித்த நட்சத்திரம் ஒன்றின் மிச்சம் இருந்தது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அப்புறம் அக்காவைப் பார்த்து, இத்தனை வருட இல்லறத்தில் ஒரு மனிதன் சேர்த்துவைத்த அத்தனை "நான் அப்பவே சொல்லல?"வையும் ஒரே பார்வையில் கொட்டினார்.

அக்கா அசரவில்லை. "மொதல்ல கடிகாரச் சோதனை பாருங்க," என்றாள்.

அது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்யும் சோதனை. பக்கத்தில் எங்கோ மோட்டார் ஓடுகிறது, லாரி போகிறது என்றால் அந்தத் தொந்தரவு சுவர்க் கடிகாரப்படி வரும். மனிதர்கள் செய்யும் எதுவும் அப்படித்தான். நிஜமாகவே வானத்திலிருந்து வருவது மட்டும்தான் தினமும் நான்கு நிமிடம் முன்னால் நகரும். மாமா நாள்களை வைத்துப் பார்த்தார். புள்ளி தினமும் நான்கு நிமிடம் முன்னால் நகர்ந்தது. பிசகே இல்லை. சோதனையில் முதல் வகுப்பில் தேறிவிட்டது.

"இனிமே யாரு மூடுறான்னு பாக்கறேன்," என்றார் மாமா. தலைமையகத்துக்குச் செய்தி பறந்தது. குழு வரட்டும், புள்ளி எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லி அவர்கள் கண்முன்னாலேயே வரவைத்துக் காட்டுகிறேன் என்றார். அதற்கென்று கோட்டு ஒன்றை எடுத்து வெயிலில் காயப்போட்டார். அந்தக் கோட்டிலிருந்து பூச்சிகள் குடும்பத்தோடு வெளியேறின.

அக்காவும் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கினாள். தோற்றுப்போனதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. பத்து வருடம் கிடைக்குமே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

குழு வருவதற்குச் சில நாள் முன்பு சமையலறை அடுப்பு பழுதாகிவிட்டது. நானும் தண்டவாளமும் அதைக் குப்புறப்போட்டு, நிமிர்த்திப்போட்டு, ஒரு வழியாகப் பற்றவைத்தோம். உருளைக்கிழங்கு வேகத் தாமதமாகிவிட்டது. மாமா காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்து, நட்சத்திரக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் ஓடிப்போய்விட்டது என்று கேள்விப்பட்ட மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு முகம் இருக்காது.

மறுநாள் அக்கா என்னைக் கணினி அறைக்குக் கூப்பிட்டாள்.

"டேய், நேத்து ஏன் சாப்பாடு லேட்டு?"

"அடுப்பு போயிடுச்சுக்கா. உருளைக்கிழங்கு வேகல."

"எவ்வளவு லேட்டு?"

"மாமா மூஞ்சிய வெச்சுப் பாத்தா ஒரு யுகம். கடிகாரத்த வெச்சுப் பாத்தா அரை மணி நேரம்."

அக்கா திரையை என் பக்கம் திருப்பினாள். "நேத்து புள்ளியும் அரை மணி நேரம் லேட்டு. அதுவும் வழக்கமான இடத்துல இல்ல. தள்ளி வந்திருக்கு."

நான் கொஞ்சம் யோசித்தேன். "அதுக்கும் அடுப்பு போயிடுச்சாக்கா?"

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டாள். எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். தண்டவாளம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது.

"அண்ணே, அந்தச் சுவிட்ச ஒரு தடவ அழுத்துங்க," என்றாள் அக்கா.

"இப்பவா? இன்னும் ஒலையே வெக்கலம்மா!"

"பரவால்ல, அழுத்துங்க."

அழுத்தினார். வெட்டவெளி முழுக்க மணி அடித்தது. நாலா பக்கமும் ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். முதலில் வந்தவர் மாமா. வந்தவர் நட்சத்திரக் கடிகாரத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார்.

"கடிகாரம் நின்னுபோச்சா? யாரு மணி அடிச்சது?"

அக்கா அவரைக் கையைப் பிடித்துக் கணினி அறைக்கு இழுத்துப்போனாள். திரையில் புள்ளி வந்திருந்தது. அதே தொட்டிகள், அதே வரிசை, அதே சாய்வு.

மாமா பார்த்தார். "தற்செயல்," என்றார்.

"இன்னொரு தடவ அழுத்தச் சொல்லட்டுமா?"

"வேணாம்."

"அண்ணே, அழுத்துங்க!" என்று அக்கா குரல் கொடுத்தாள். மணி அடித்தது. புள்ளி வந்தது. ஆட்களும் மறுபடி ஓடிவந்து தட்டைத் தேடினார்கள். மூன்றாவது முறை அடித்தபோது ஆட்கள் ஒருவரும் வரவில்லை. புள்ளி மட்டும் தவறாமல் வந்தது.

நடந்தது இதுதான். சுவிட்சை அழுத்தும்போது மணிக் கம்பியில் பாயும் மின்சாரம், அதே பள்ளத்தில் கிடக்கும் தொட்டிக் கம்பிகளையும் ஒரு உலுக்கு உலுக்கியிருக்கிறது. சில தொட்டிகளுக்குப் போகும் கம்பி குட்டை, சிலவற்றுக்கு நீளம். ஆகவே உலுக்கல் ஒன்றுக்கு முன்னாலும் ஒன்றுக்குப் பின்னாலும் போய்ச் சேர்ந்து, சாய்வாக விழுந்த மழைபோலவே இருந்திருக்கிறது. வேறு எந்த ஆய்வகத்திலும் இது சுவர்க் கடிகாரப்படி வந்து, ஒரே வாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். இங்கே சாப்பாடே நட்சத்திரக் கணக்கில் நடந்ததால், புள்ளியும் நட்சத்திரமாகிவிட்டது.

மாமா கதவைச் சாத்தினார். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான்.

"குழு வந்துட்டுப் போகட்டும்," என்றார். "அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்."

"முடியாதுங்க."

"யாருக்காகச் சொல்றேன்? எனக்காகவா? புள்ளி இருந்தா உனக்குப் பத்து வருஷம் தருவாங்க. இல்லைன்னா நாளைக்கே பூட்டு."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லுவியா?"

"என்னிக்காவது ஒரு நாள் நெஜமாவே ஒண்ணு வரும்ங்க," என்றாள் அக்கா. "நான் போய் இந்தத் திசையிலேருந்து வந்திருக்குன்னு சொல்லுவேன். அன்னிக்கு என்ன சமையல்னு கேப்பாங்க."

மாமா வெளியே போய்விட்டார். அன்று சாப்பிட வரவில்லை. உலகத்தில் எங்கேயாவது அன்று ஆறுகள் மேல்நோக்கி ஓடியிருந்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

அதன் பிறகு அவர்களுக்குள் பேச்சு இல்லை. எல்லாம் என் வழியாகத்தான். அக்கா எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். மாமா என்னிடம், "மச்சான், உங்க அக்கா சொல்லத்தான் போறாளான்னு கேளு," என்பார். நான் கேட்பேன். "ஆமான்னு சொல்லுடா," என்பாள். நான் சொல்வேன். "கேட்டுச்சு," என்பார் மாமா. அந்த நாள்களில் என் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, இப்போதும் தானாகத் திரும்புகிறது.

குழு வந்தது. குழுத் தலைவி கட்டையான அம்மாள், கறாரான பேர்வழி. சர்க்கரை வியாதிக்காரர். மதியம் பன்னிரண்டரைக்கு வானமே இடிந்து விழுந்தாலும் சாப்பிட்டுவிடுவார் என்று முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். எங்கள் சாப்பாட்டு நேரமோ அந்தச் சமயம் நகர்ந்து நகர்ந்து காலை பதினோரு மணிக்கு வந்திருந்தது.

மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு கணினி அறையில் நின்றார். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க புள்ளி எத்தன மணிக்கு வரும்?"

மாமா கோட்டின் பொத்தானைப் போட்டார். கழற்றினார்.

"நீங்க சொல்ற நேரத்துக்கு வரும்மா," என்றாள் அக்கா.

"புரியல."

"சமையலறைக்கு வாங்க. காட்டறேன்."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கா முன்னால் போக, குழு முழுக்க வரிசையாகப் பின்னால் போனது. அவள் எதையும் மறைக்கவில்லை. பள்ளம், கம்பி, நட்சத்திரச் சாப்பாடு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி போட்டது யார் என்று மட்டும் சொல்லவில்லை. "நான்தான் போட்டேன்," என்றார் மாமா, கதவோரத்திலிருந்து.

தலைவி சுவிட்சை அழுத்தினார். மணி அடித்தது. திரையில் புள்ளி வந்தது. மறுபடி அழுத்தினார். வந்தது. குழுவில் ஒல்லியாக, அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஒருவர், "மேடம், நான் ஒரு தடவ?" என்றார். அப்புறம் ஒருவர் பாக்கியில்லை. வரிசையில் நின்று அழுத்தினார்கள். அழுத்த அழுத்த, பூமி திரும்பும் கணக்குக்குப் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஆளுக்கொரு நட்சத்திரம் என்று உண்டாக்கிக்கொண்டார்கள். அன்று காலை எங்கள் சமையலறையிலிருந்து கிளம்பிய கதிர்கள், அண்டம் தோன்றிய நாளிலிருந்து மொத்தமாக வந்ததைவிட அதிகம். தண்டவாளம் கரண்டியோடு ஓரமாக நின்று, "மெதுவாம்மா, ஸ்பிரிங் போயிடும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். தலைவி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் எல்லாம் ஆறிப்போயிருக்கு?"

"இது பதினோரு மணிச் சாப்பாடும்மா," என்றார் தண்டவாளம். "போன மாசம்னா உங்களுக்கு இன்னும் சூடாவே கெடச்சிருக்கும். மூணு மாசம் கழிச்சு வந்தீங்கன்னா விடியறதுக்கு முன்னாடி போட்டுடுவோம்."

தலைவி கரண்டியைக் கீழே வைத்தார். புள்ளி பொய் என்று கேட்டபோதுகூட அவர் இவ்வளவு அதிரவில்லை. "அப்போ நாங்க போன் பண்ணும்போதெல்லாம் யாரும் எடுக்காதது..."

"தூங்கிட்டிருந்திருப்போம்," என்றார் மாமா.

"வருஷத்துல பாதி நாளா?"

"பாதிக்குக் கொஞ்சம் கம்மி."

தலைமையகத்தில் எங்களைச் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிய காரணம் அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. தலைவி மறுபடி கரண்டியை எடுத்தார். சாப்பிட்டு முடித்து மாத்திரை போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"பாரும்மா. கருவி நல்லா இருக்கு. ஒரு மணியோட உலுக்கலையே இவ்வளவு துல்லியமா எழுதி வெச்சிருக்கு. தப்பையும் நீங்களே புடிச்சு, நீங்களே காட்டியிருக்கீங்க. இதுவரைக்கும் நான் போன எடத்துல எல்லாம் நானாத்தான் தோண்டி எடுத்திருக்கேன். அதனால மூடல. நாலு வருஷம் தரேன்."

அக்காவின் முகத்தில் சந்தோஷம் வந்து, பாதி வழியில் தங்கிவிட்டது. "நாலு பத்தாதும்மா. நூறு வருஷத்துக்கு ஒண்ணுன்னு விழறதுங்க இதெல்லாம். நாலு வருஷத்துல இன்னும் நாலு புள்ளி வைப்பேன், அவ்வளவுதான்."

"இதுக்கே எனக்குத் திட்டு விழும். அதுவும் ஒரு நிபந்தனையோடதான். இனிமே வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் மத்த மனுஷங்க மாதிரி சுவர்க் கடிகாரப்படி. போன் அடிச்சா எடுக்கணும்."

"அது முடியாது," என்றார் மாமா.

தண்டவாளம் கையிலிருந்த பாத்திரத்தை மெதுவாக, சத்தம் வராமல் கீழே வைத்தார். அக்கா மாமாவைப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தட்டில் இருந்த ஓர் உருளைக்கிழங்கை, அதில் ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா அந்த உருளைக்கிழங்கையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"நாலு வருஷத்துக்கெல்லாம் மாத்திக்க முடியாதுன்னு சொன்னேன்," என்றார். "பத்து வருஷம்னா மாத்திக்கறேன்."

தலைவிக்குப் புரியவில்லை. "ஆய்வகத்துக்கும் உங்க சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"நிபந்தனை போட்டது நீங்க. நான் வெல சொல்றேன். பத்து வருஷம் குடுங்க, பன்னிரண்டரைக்கு உக்காந்துடறேன். தெனமும்."

"ஆறு."

"பத்து. ஞாயித்துக்கெழமையும் சேத்து."

"எட்டு. அதுக்கு மேல பேசாதீங்க."

மாமா நட்சத்திரக் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் திரும்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பத்து," என்றார். "ராத்திரிச் சாப்பாட்டையும் எடுத்துக்கங்க."

அறிவியலுக்காகச் சிலர் சொத்தைக் கொடுத்திருக்கிறார்கள், சிலர் கண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வேளைச் சாப்பாட்டை மொத்தமாகக் கொடுத்த மனிதரை நான் நேரில் பார்த்தேன். தலைவி ஒல்லியான உறுப்பினரைப் பார்த்தார். அவர் இன்னொரு முறை சுவிட்சை அழுத்தக் கிடைக்குமா என்ற யோசனையில் இருந்தார். தலைவி பெருமூச்சு விட்டார்.

"சரி. பத்து. எனக்குத் தலை வலிக்குது."

யாரும் கை தட்டவில்லை. அக்கா அந்த உருளைக்கிழங்கை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தாள்.

"என்னங்க, ஒண்ணுமே சாப்பிடல நீங்க."

"பதினோரு மணிக்கே பசி போயிடுச்சு," என்றார் மாமா. "இப்ப வயித்துக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

"பழகிடும்."

"கருந்துளைன்னு நீ சொல்றதுக்கே பழகல," என்றார். ஆனால் சாப்பிட்டார்.

மறுநாள் மாமா மண்வெட்டியோடு இறங்கிப் பள்ளத்தைத் திறந்து, மணிக் கம்பி முழுவதையும் தானே உருவி எடுத்தார். யாரையும் உதவிக்கு விடவில்லை. தண்டவாளத்தின் தோளோ இன்னும் சரியாகவில்லை. ஆகவே சாப்பாட்டுக்கு வாயாலேயே கூப்பிடுவது என்று முடிவானது. பன்னிரண்டரைக்கு அவர் சமையலறை வாசலில் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "சாப்பாடூ!" என்று ஒரு குரல் விட்டார். வெட்டவெளி கடந்து, பக்கத்து ஊர் கடந்து, அதற்கடுத்த ஊரில் ஒருவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததாகக் கேள்வி.

நாங்கள் எல்லோரும் ஓடினோம். மாமாகூட, வேண்டாவெறுப்பாக, வந்து உட்கார்ந்தார். அக்காவை மட்டும் காணவில்லை. கூப்பிடப் போனேன். கணினி அறையில் திரைக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, வா. ஆறிடும்."

"இருடா," என்றாள். "அந்த ஆளை இன்னொரு தடவ கத்தச் சொல்லு."

போய்ச் சொன்னேன். தண்டவாளம் இன்னொரு முறை கத்தினார். தொட்டிகளில் எதுவும் மின்னவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் அக்கா கை கழுவப் போனாள்.